சோலைக்காட்டின் கரிமக் கணக்கில் பாறையைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரிச் சோலைகளின் கரிம (கார்பன்) இருப்பு பற்றிய தங்கள் கட்டுரை மரங்களின் சுற்றளவைப் பத்தி பத்தியாக அலசுகிறது. மண்ணுக்குக் கிடைத்தது ஒரே வரி, சருகு மட்கிச் சேர்கிறது என்று. மட்கியது ஏன் அங்கேயே தங்குகிறது என்பதல்லவா கேள்வி? விடை அடியிலுள்ள பாறையில் இருக்கிறது.

உதகைப் பக்கத்தில் 2,000 மீட்டருக்கு மேல் தாய்ப்பாறை (மண் உருவான அடிப்பாறை) சார்னோகைட் என்ற கடினப் பாறை. நெடுங்காலம் சிதைந்து, கிப்சைட் என்ற அலுமினியக் கனிமமும் இரும்பு ஆக்சைடுகளும் மிகுந்த மண்ணாகியிருக்கிறது. குளிரில் மெல்ல மட்கும் சருகின் அமிலங்கள் அதிலிருந்து அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்து அவற்றோடு பிணைந்துகொள்கின்றன. இப்படிப் பிணைந்த கரிமத்தை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாது. மேல்மண் கறுத்து, கையில் எடுத்தால் இலேசாக இருப்பது அதனால்தான். எரிமலைச் சாம்பலே விழாத மலையில் எரிமலை மண்ணின் குணம்! மண்ணியலார் இதை, எரிமலை மண்ணுக்கான ஆண்டிசால் வகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் சிலிக்காவாலான குவார்ட்சைட் பாறை மீது இதே மழையும் குளிரும் இருந்தாலும் பிணைய உலோகம் போதாது.

ஹவாய்த் தீவுகளில் செய்து 1997-இல் வெளியான ஆய்வு, கரிமத்தைத் தக்கவைப்பதில் கனிமங்களின் பங்கைத் தெளிவாக்கியது. மழை, குளிர், காட்டு மரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. எரிமலைப் பாறையின் வயது மட்டும் வேறு. மண் கரிமம் 1.5 லட்சம் ஆண்டுவரை ஏறி, அடுத்த 40 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்திருந்தது. கரிமத்தைப் பிடித்துவைத்த படிகமற்ற கனிமங்கள் படிகங்களாக மாறியதே காரணம்.

அளப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. கரிமச் சதவீதம், பரும அடர்த்தி (ஒரு கன செ.மீ. உலர் மண்ணின் எடை, கிராமில்), செ.மீ. ஆழம் மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று வரும் (கல்லின் பங்கைக் கழிக்க வேண்டும்). கரிமம் 8 சதவீதம், ஆழம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த இலேசான மண்ணுக்கு அடர்த்தி 0.7 என்றால் 168 டன். மண்ணில் உலோக வளையம் இறக்கி அடர்த்தியை அளக்கச் சோம்பி, சமவெளி மண்ணின் 1.3-ஐப் போட்டால் 312 டன்! மறுபுறம், 30 செ.மீ.யோடு நிறுத்தினால் அதற்குக் கீழே உள்ள கரிமம் கணக்கில் வராது. ஒரு மீட்டராவது தோண்ட வேண்டும். டைகுரோமேட் என்ற வேதிப்பொருளால் கரிமத்தை ஆக்சிஜனேற்றி அளக்கும் வாக்ளி-பிளாக் முறையில் கரிமம் மிகுந்த மண்ணை வழக்கமான எடையில் எடுத்தால் டைகுரோமேட் தீர்ந்து, விடை குறைவாக வரும். எடையைக் குறைக்கலாம், மண்ணை எரித்து வெளிவரும் வாயுவை அளக்கும் உலர் எரிப்பு முறை இன்னும் நல்லது.

கரிமத்தைப் பிணைக்கும் அலுமினியம் மண்ணில் இருக்கிறதா என்று களத்திலேயே சோதிக்க வழி உண்டு. ஒரு கிராம் மண்ணை 50 மி.லி. சோடியம் புளோரைடு கரைசலில் கலக்கி, இரண்டு நிமிடத்தில் பி.எச். பாருங்கள். 9.4-ஐத் தாண்டினால் வினைபுரியும் அலுமினியம் நிறைய இருக்கிறது. சுண்ணாம்பு மண்ணும் இதே எண்ணைக் காட்டி ஏமாற்றும். சோலை மண் அமிலமானது என்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இப்படிக்கு,
மண்ணியலாளர் ஒருவர், கோவை