பழைய விண்டோஸை விடலாம், சொல்லாமல் விடக்கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்ட பிறகு ஒரு புலம்பல் அடிக்கடி காதில் விழுகிறது. காசு வாங்கும் கம்பெனி கைவிட்டால் சரி, சோர்ஸ் கோடை எல்லோருக்கும் திறந்துவைத்து மென்பொருள் எழுதும் ஓப்பன் சோர்ஸ்காரர்களும் பழைய கணினிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாமா என்று. இதில் பாதி நியாயம், மீதி ஆள் மாறி விழும் அடி.

ஒரு சின்ன உதாரணம். கணினியை ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்க விண்டோஸில் கெட்டிக்கவுண்ட் (GetTickCount) என்று ஒரு பழைய ஃபங்ஷன் உண்டு. மில்லிசெகண்டுகளை 32 பிட்டில் எண்ணுவதால் 49.7 நாளில் அது நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதற்காகவே எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவில் கெட்டிக்கவுண்ட்64 வந்தது. எக்ஸ்பியில் அது கிடையாது, அதனால் புதியதை நேரடியாக அழைக்கும் மென்பொருளை எக்ஸ்பியில் திறந்தால், விண்டோஸின் கெர்னல்32 என்ற நூலகத்தில் அப்படி ஒன்று இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், அவ்வளவுதான். எக்ஸ்பியையும் விடக்கூடாது என்றால் 'இருந்தால் புதியது, இல்லாவிட்டால் பழையது' என்று இரண்டு வழி எழுதவேண்டும். எழுதுவது சில வரிதான். ஆனால் அந்த இரண்டாவது வழியை யார் சோதிப்பது? அதிலுள்ள பக் (பிழை) வெளியே தெரியவேண்டுமானால் எவனோ ஒருவன் எக்ஸ்பி கணினியை அணைக்காமல் 50 நாள் ஓட்டவேண்டும்! இப்படி நூறு இடம் இருக்கும், அத்தனையையும் பார்ப்பது ராத்திரி வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் உட்காரும் ஓரிரண்டு பேர்.

போதாததற்கு பல நேரம் முடிவே அவர்கள் கையில் இல்லை. மென்பொருள் எழுதும் மொழிகளில் 2023-இல் வந்த கோ 1.21-உம், 2024-இல் வந்த ரஸ்ட் 1.78-உம் குறைந்தபட்சம் விண்டோஸ் 10 வேண்டும் என்று சொல்லிவிட்டன. எழுதியதை ஓடும் மென்பொருளாக மாற்றும் கம்பைலரே விண்டோஸ் 7-ஐ விட்ட பிறகு, அந்த மொழியில் மென்பொருள் எழுதுகிறவரைத் திட்டி என்ன பயன்?

சரி, நியாயமான பாதிக்கு வருகிறேன். விடுவது தப்பில்லை, சொல்லாமல் விடுவதுதான் தப்பு. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்ததை ஆட்டோ அப்டேட் தானாக அழித்துவிட்டு இந்தக் கணினியில் திறக்காத புதிய பதிப்பை வைத்துவிட்டுப் போகும், டவுன்லோட் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் புதியது மட்டும்தான் இருக்கும், கடைசியாக எந்தப் பதிப்பு ஓடும் என்பது பிழைப் புகார்களைப் பதியும் பக் ட்ராக்கரில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். இதில் யாருடைய உழைப்பும் மிச்சமாகவில்லை. இன்ஸ்டாலர் ஒரு நிமிடம் விண்டோஸ் பதிப்பைப் பார்த்து 'உனக்கு இதுதான் கடைசி' என்று நின்றிருக்கலாம். இன்னொரு வகையும் உண்டு. மென்பொருள் ஓடும், ஆனால் இன்ஸ்டாலர் மட்டும் வேண்டுமென்றே மறுக்கும். 'சோதிக்கவில்லை, உங்கள் பொறுப்பு' என்று எச்சரித்துவிட்டு வழி விட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பைத்தான் என்ற மொழியின் ஒரு பதிப்பு வெளியாகும் நாளில் எந்த விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் நீட்டித்த ஆதரவு இருக்கிறதோ அதில் அந்தப் பதிப்பு ஓடும் என்பது பைத்தானின் விதி. அதனால் விண்டோஸ் 7-க்கு 3.8-தான் கடைசி என்பது முன்கூட்டியே தெரியும், 3.9 அதில் ஓடாது என்று டவுன்லோட் பக்கத்திலேயே எழுதியும் வைத்தார்கள். ஃபயர்பாக்ஸ் பிரவுசர் விண்டோஸ் 7, 8 ஆட்களை நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆருக்கு நகர்த்தி, பாதுகாப்புத் திருத்தங்களைப் பலமுறை நீட்டித்தது. ரஸ்டிலும் விண்டோஸ் 7-க்கென்று தனி டார்கெட் (எந்தக் கணினிக்காக கம்பைல் செய்வது என்ற இலக்கு) இருக்கிறது, வேண்டுகிறவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எக்ஸ்பியிலும் ஓடும் சூப்பர்மியம் என்ற, குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் கிளையும் அப்படி வந்ததுதான். அதற்காக 'சோர்ஸ் இருக்கிறதே, நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள்' என்று சாதாரண ஆளிடம் சொல்வது பதில் ஆகாது, தட்டிக்கழிப்பது.

இன்னொரு விஷயம், பழைய கணினி வைத்திருப்பவர் எல்லாம் புதிய பதிப்பு கேட்பதில்லை. லேத்தோடும் மைக்ராஸ்கோப்போடும் இணைந்து, இன்டர்நெட் பக்கமே போகாமல் ஓடும் எக்ஸ்பி கணினிக்கு வேண்டியதெல்லாம் ஹார்டு டிஸ்க் போனால் அதே பழைய பதிப்பை மறுபடி போட ஒரு லிங்க், கூடவே ஃபைல் சரியா என்று பார்க்க ஒரு செக்சம். இன்டர்நெட்டில் சுற்றும் கணினி என்றால் கதை வேறு. தளங்களோடு மறைகுறியாக்கிப் பேசும் முறையான டிஎல்எஸ் 1.2 எக்ஸ்பியின் சொந்த நூலகத்தில் கிடையாது, அந்த நூலகத்தை நம்பும் மென்பொருளால் பாதி தளங்களைத் திறக்கவே முடியாது. அங்கே லினக்ஸுக்கு மாறச் சொல்வேன். அதிலும் பார்த்து மாறவேண்டும், 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் கணினிகளுக்கு இன்ஸ்டாலரே இல்லை.

அடுத்த முறை விண்டோஸ் 10-க்குத்தான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்பதால் நன்றாக ஓடும் கணினிகள் பல 10-லேயே நின்றுவிடும். அதை எந்தப் பதிப்போடு விடப்போகிறோம், அந்தப் பதிப்பு எங்கே கிடைக்கும் என்பதை ஒவ்வொரு ப்ராஜெக்டும் ரீட்மீ ஃபைலில் இப்போதே எழுதிவைக்கலாம், இரண்டு வரிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்