ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐசிங் காயாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கிறிஸ்துமஸ் சுகர் குக்கீ செய்முறையில் நட்சத்திரம், மணி, மரம் என்று படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் குக்கீமேல் பூசி இறுகவிடும் சர்க்கரைப் பூச்சான ராயல் ஐசிங்குக்கு ஒதுக்கியிருந்த மூன்று வரிகளை நம்பி இறங்கினால் ஒரு தட்டு குக்கீயும் வீண். மூன்று வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, ‘தேவையான அளவு’ ஐசிங் சுகரும் திரவக் கலரும் சேர்த்துப் பூசி, ஃப்ரிட்ஜில் இறுகவிடச் சொல்கிறது செய்முறை.

முதலில் ஃப்ரிட்ஜ். குளிரில் இறுகுவது பட்டர் கிரீம். அதில் கொழுப்பு இருக்கிறது. ராயல் ஐசிங்கில் இருப்பது சர்க்கரை, வெள்ளைக்கருவின் புரதம், தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீர் போனால்தான் அது இறுகும், குளிர்ந்தால் மட்டும் போதாது. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த குக்கீ நம் ஊர்க் காற்றில் வியர்க்கும். அந்த வியர்வை சர்க்கரையைக் கரைத்து, சாண்டாவின் சிவப்புத் தொப்பியை வெள்ளைத் தாடிக்குள் இறக்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் டிசம்பரில், சென்னை முதல் தூத்துக்குடி வரை கடலோரத்தில் ஐசிங் காய்வதே பெரும்பாடு. வெளிநாட்டு வீடியோவில் ஆறேழு மணி நேரம் என்பார்கள். இங்கே 12 முதல் 24 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பூசிய கையோடு டேபிள் ஃபேனைக் குறைந்த வேகத்தில் பக்கவாட்டில் ஓடவிட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே மெல்லிய தோல் கட்டிவிடும். சீக்கிரம் தோல் கட்டினால் பளபளப்பும் நிற்கும். மெதுவாகக் காய்ந்த ஐசிங் சுண்ணாம்பு அடித்த சுவர்போல மங்கிக் கிடக்கும். பிறகு இரவு முழுக்க ஏசி அறையில் வைக்கலாம். ஏசியில் ‘ட்ரை’ மோடு இருந்தால் இன்னும் நல்லது. வடகத்தை நினைத்துக்கொண்டு மாடியில் வெயிலில் வைத்துவிடாதீர்கள். குக்கீயில் உள்ள வெண்ணெய் உருகி மேலேறி, ஐசிங்கில் எண்ணெய்த் திட்டாகத் தெரியும். வேகாத குக்கீயிலும், சூடு ஆறாத குக்கீயிலும் இதே திட்டு வரும்.

அடுத்தது அளவு. 450 கிராம் ஐசிங் சுகருக்கு 3 டேபிள்ஸ்பூன் மெரிங் பவுடர் (காயவைத்த வெள்ளைக்கருப் பொடி), 5 முதல் 6 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். முட்டைதான் வேண்டும் என்றால் ஒரு வெள்ளைக்கருவுக்கு, அதாவது சுமார் 30 கிராமுக்கு, 150 கிராம் ஐசிங் சுகர். ஆனால் ஐசிங் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. பச்சை வெள்ளைக்கருவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் சாப்பிடும் பண்டத்துக்கு மெரிங் பவுடரே சரி. விலை கூடுதல்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடிக்கும் பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆக இருக்கட்டும். பிளாஸ்டிக் எத்தனை கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கை விடாது. துளி எண்ணெயோ துளி மஞ்சள் கருவோ பட்டால் நுரை சரியாக எழும்பாது. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்தே மக்ரூன் போடும் தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அடிக்கும் முன் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் துடைத்துக் காயவிடலாம். பீட்டரைக் குறைந்த வேகத்தில் 7 முதல் 10 நிமிடம். வேகத்தைக் கூட்டினால் காற்று ஏறி, காய்ந்த பின் ஐசிங் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக நொறுங்கும். சர்க்கரையை வீட்டு மிக்ஸியில் அரைத்தால் 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து மெல்லிய துணியில் சலியுங்கள். அப்படியும் ஒரு குருணை தப்பி வந்து கோனின் முனையிலுள்ள நாசிலை அடைக்கும் என்பதால் கோடு போடும் வேலைக்குக் கடையில் வாங்கும் ஐசிங் சுகரே மேல். கிண்ணத்தில் இருக்கும் ஐசிங்கை ஈரத்துணியால் மூடாமல் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது.

இனி பதம். அதிரசத்துக்குப் பாகு எப்படியோ, இதற்குப் பதம் அப்படி. கிண்ணத்து ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கீறி, அது மறைந்து மேற்பரப்பு சமமாகும்வரை எண்ணுங்கள். 20, 25 விநாடி ஆனால் ஓரக்கோட்டுக்குச் சரி. 12 முதல் 15 விநாடி என்றால் உள்ளே நிரப்பச் சரி. பத்துக்குள் மறைந்தால் அது ஓரத்தைத் தாண்டி வழியும், காயவும் காயாது. இன்னும் கொஞ்சம் ஐசிங் சுகர் சேர்த்துக் கெட்டியாக்குங்கள். 100 கிராம் ஐசிங்கின் பதத்தை மாற்ற அரை டீஸ்பூன் தண்ணீரே போதும். அதனால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

மருதாணிக் கோன் பிடித்துப் பழகிய கைக்கு இந்த வேலை பாதி தெரிந்ததுதான். ஐசிங்கைக் கோனில் நிரப்பி, நட்சத்திரத்தின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே கோன் நுனியால் தொட்டு அழுத்துங்கள்; ஐசிங் ஒட்டியதும் நுனியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி, நூல்போல அது தொங்கி விழ விழக் கையை நகர்த்துங்கள். நுனியைக் குக்கீமேல் இழுத்துக்கொண்டே போனால் கோடு நடுங்கும். முனை வந்ததும் முதலில் அழுத்தத்தை விட்டு, பிறகு நுனியை இறக்கித் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்திக்கொண்டே எடுத்தால் அங்கே ஒரு வால் நிற்கும். கோட்டுக்கு உள்ளே விளிம்பிலிருந்து நடுவுக்கு நிரப்பி, முக்கால்வாசி மூடியதும் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பல்குத்தும் குச்சியால் தள்ளி, குக்கீயைத் தட்டோடு லேசாகக் குலுக்கினால் தானே சமமாகும். காற்றுக் குமிழை முதல் நிமிடத்திலேயே ஊசியால் உடைக்க வேண்டும். தோல் கட்டியபின் குத்தினால் தழும்புதான் மிஞ்சும். ஈரமாக இருக்கும்போதே வேறு நிறப் புள்ளி வைத்தால் அது உள்ளே அமிழ்ந்து சமமாகும். புடைத்து நிற்க வேண்டுமென்றால் காய்ந்தபின் வைக்க வேண்டும்.

மெழுகுவர்த்திச் சுடர், மணியின் நாக்கு போன்ற சின்ன இடங்கள் காய்ந்ததும் நடுவில் குழி விழும். மேலே தோல் கட்டுவதற்குள் உள்ளே நுரை அமுங்குவதுதான் காரணம். அங்கே கெட்டி ஐசிங்கால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கோடுகள் இழுத்து, அதன்மேல் 18 விநாடிப் பதத்தில் நிரப்பி, உடனே ஃபேன் காற்றில் வையுங்கள்.

கலருக்குக் கெட்டியான ஜெல் கலர்தான். திரவக் கலர் பதத்தையே கெடுக்கும். சிவப்பும் பச்சையும் நேரம் ஆக ஆக அடர்த்தியாகும் என்பதால் முந்தின இரவே, நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்து மூடி வைக்கலாம். அடர் நிறம் வேண்டி ஜெல்லைக் கொட்டினால் காயாது, நாக்கிலும் கசக்கும். சிவப்புப் பகுதி முழுக்கக் காய்ந்த பிறகே பக்கத்தில் வெள்ளை. ரோடமின் பி என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை போட்டதை மறந்துவிட வேண்டாம். லேபிள் இல்லாத பொட்டலக் கலரை ரோஸுக்காக வாங்காதீர்கள்.

குக்கீ மாவிலும் ஒரு திருத்தம். உங்கள் செய்முறையில் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் இருக்கிறது. அது உப்பிப் பரவி, மரத்தின் கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். வடிவக் குக்கீக்கு அது வேண்டாம். 6 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வெட்டியதும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள் (ஃப்ரிட்ஜுக்கு வேலை இங்கேதான்). பிறகு 175 டிகிரி செல்சியஸில் 10, 12 நிமிடம், ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்வரை.

25ஆம் தேதி காலை கொடுக்க வேண்டிய குக்கீயை 22ஆம் தேதி சுட்டு, 23 காலையில் ஐசிங் போட்டு, 24 மாலையில் டப்பாவில் அடுக்கலாம். அடுக்கும் முன் ஓரத்தில் நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஓர் இரவு ஃபேனுக்கு அடியில்.

வரும் ஞாயிறு இணைப்பில் கிராம் கணக்கோடு திருத்தம் வெளியிட்டால், 22ஆம் தேதிக்கு முன் வாசகர்கள் கையில் சேரும்.

இப்படிக்கு,
பேக்கிங் வகுப்பு எடுக்கும் வாசகி,
தூத்துக்குடி.