அருவி ஏன் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கிறது?

சிங்கப்பூரில் பழைய வீடியோ கேம்களைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பள்ளி விடுமுறையில் அக்காள் மகனை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். எங்கே என்பது வேண்டாம். புத்தம்புதுத் தட்டைத் திரையில் 1991இல் வந்த 'சோனிக்' ஓடிக்கொண்டிருந்தது. பையன் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, "மாமா, அருவி ஏன் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கு?" என்றான். பக்கத்து அட்டையில் பெயர், ஆண்டு, அப்புறம் 'எளிய வரைகலை' என்று இரண்டே சொல்.

எளிமையாவது! அந்தக் காலத்துப் பின்பக்கம் பெருத்த படக்குழாய் டிவியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றில் ஒன்று கசிந்து, அந்தக் கம்பிகளே ஊடுருவிப் பார்க்கக்கூடிய தண்ணீராகிவிடும். டிவியின் மங்கலையும் கணக்கில் சேர்த்து வரைந்த அருவி அது.

1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கதையும் இப்படித்தான். எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகம் பிடிக்கும். அத்தனையையும் சட்டென்று வரைய அந்த இயந்திரத்தின் கணினிச் சில்லுக்குத் தெம்பில்லை; எதிரிகளைச் சுட்டு வீழ்த்த வீழ்த்தப் பாரம் குறைந்தது, ஓட்டம் கூடியது. உருவாக்கிய நிஷிக்காடோ அதை அப்படியே விட்டுவிட்டார். நெஞ்சு படபடத்த அந்தக் கடைசி நொடிகள் அங்கிருந்து வந்தவை. இதற்கு அட்டையில் ஒரு வரி இடமில்லையா?

நம் ஊர்ச் சங்கதியையும் காணோம். சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் பிசிக்குள் பொருத்தும் 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டையைக் கொண்டுவரும் வரை, பெரும்பாலான பிசிகள் கீச்சிடத்தான் செய்தன. ஒரே கேமை இரண்டு விதமாகவும் கேட்க விடுங்கள், போதும்.

இனி, யாரும் பேசத் தயங்குவது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை நான் ஆடியது நகலெடுத்த டிஸ்க்கில். அசலை வாங்கியவர்தானா என்று சோதிக்க, கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல், அதன் முதல் எழுத்துள்ள மருந்தைக் குடி என்று கேட்கும். எங்களிடம் இருந்த ஃபோட்டோகாப்பியில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கேட்டால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு குப்பியைத் தேர்ந்தெடுப்பார்; இளவரசன் விழுவான். 1987இலேயே பதிப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது, தெரியும். ஆனாலும் எங்கள் புளோக்கில் அந்த விளையாட்டு என்றால் இதுதான். பெட்டியோடு வாங்கிய அசலை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால், அது வேறு யாருடைய கதையோ. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிகிறது. அன்று ஆடியவர்களையும் டிஸ்க் விற்றவர்களையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள்.

குழாய் டிவி கிடைப்பதில்லை, பழுதுபார்க்க ஆளில்லை என்பீர்கள். சரி. எங்கள் ஸ்டோர் ரூமில் 21 அங்குலத்தில் ஒன்று இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. தூக்க இரண்டு பேர் வேண்டும். சனிக்கிழமை காலையில் அம்மா வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
அந்தப் பையனின் மாமா