2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்தது 19 பேரு, அதுல 4 பேரு டிபன் முடிஞ்சதும் கிளம்பிட்டாங்க, அதனால வராதவங்களுக்கும் சேர்த்து இதை எழுதறேன்.

சுதந்திர தினக் கொடியேத்தம் நடந்துச்சு. பொங்கல் கோலப்போட்டி நடந்துச்சு. கண் பரிசோதனை முகாம் மழையால நடக்கல.

இப்ப நம்ம சங்கம் கழிக்கரையில வச்ச போர்டு விஷயம். "சாக்கடைக்கு எதுக்கு சார் 6,000 ரூபாய்ல போர்டு"ன்னு கேட்டவங்களுக்கு பதில் சொல்லணும்ல. அது சாக்கடை இல்லை, அடையாறோட உப்பங்கழி. 42 கிலோமீட்டர் ஓடி வர்ற ஆறு செட்டிநாடு அரண்மனை கிட்ட வடக்கால ஒரு கையை நீட்டுது, அது ஃபோர்ஷோர் எஸ்டேட் பக்கம் போய் வளைஞ்சு திரும்புது, நடுவுல மாட்டினதுதான் குவிபிள் தீவு. 1746 அக்டோபர்ல ஆற்காட்டு நவாப் மகன் மாஃபுஸ் கான் 10,000 பேரோட இங்க நின்னப்ப, பாரடிஸ்னு ஒரு பிரெஞ்சுப் படை கேப்டன் ஆயிரம் பேரைக் கூட்டிக்கிட்டு தண்ணியில இறங்கி ஆத்தைத் தாண்டி வந்து விரட்டினான். நம்ம ஆளுங்க சிலர் இன்னும் மெயின் ரோட்டைத் தாண்டி மீட்டிங்குக்கு வர முடியல.

ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கழி நடைன்னு கூப்பிட்டேன், 11 பேரு வந்தாங்க, அதுல 5 பேரு குழந்தைங்க. சேத்துல பென்சில் நட்டு வச்ச மாதிரி அலையாத்தி வேர் நீட்டிட்டு நிக்குது, பக்கத்துல ஒத்தைக் கொடுக்கு மட்டும் பெருசா இருக்கிற நண்டு. மிதந்துட்டிருந்த டீ கப் ஒண்ணு கடலுக்குப் போகாம உள்பக்கமா ஏறி வந்துச்சு, ஓதம், அதாவது கடல் தண்ணி, உள்ள ஏறுதுன்னு ஒரு பொண்ணு தானா கண்டுபிடிச்சா. எனக்கு அந்த 6,000க்கு அங்கயே பலன் கிடைச்சிடுச்சு.

ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம் விஷயமும் இந்த ஓதம்தான். கோடையில ஆத்துல ஓட்டம் இல்லை, கடல் மணலைக் கொண்டாந்து வாயை அடைக்குது, ஓதம் உள்ள வர முடியாம கழி நாறுது. மழைக்கு முன்னாடி வாயைத் திறக்கலைன்னா என்ன ஆகும்னு 2015 டிசம்பர்ல தண்ணி பார்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், செம்பரம்பாக்கம் ஏரியில இருந்து மட்டும் வினாடிக்கு 29,000 கன அடி திறந்தாங்க. முகத்துவாரத்துக்கிட்ட இருக்கிற அந்த உடைஞ்ச பாலத்தைப் பாருங்க, 1967ல கட்டினது 1977ல வெள்ளத்துல போச்சு, இப்ப செல்ஃபி எடுக்க மட்டும்தான். மணலை வார மனு எழுதி 84 வீட்டுக்கும் போனேன், 31 கையெழுத்து. ஒரு வீட்ல ஏசி சத்தம் கேட்டுச்சு, கதவு திறக்கல.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு, ஏறக்குறைய டேலி ஆகுது, இருப்பு போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கம்மி. போர்டுல என் கைக்காசு 2,200 போயிருக்கு, திருப்பிக் கேக்கல, சும்மா சொல்றேன். மாசம் 50 ரூபாய் சந்தாவை முழுசா கட்டினது 37 வீடு. பேர் படிக்கலாம்னு பார்த்தேன், தலைவர் வேண்டாம்னுட்டார்.

தலைவர், பொருளாளர், ஷாமியானாவுக்கு வாடகை குறைச்சவர், வாட்ச்மேன் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் யாராவது இளைஞர் செயலாளரா வந்தா சந்தோஷமா விட்டுத் தரேன், போர்டுக்கு மட்டும் வருஷம் ஒரு தடவை பெயின்ட் அடிக்கணும். ஐப்பசிக்கு முன்னாடி மனுவைத் திரும்பக் கொடுக்கணும். மனுவும் ரசீது புக்கும் எங்க வீட்டு டிவி மேலதான் இருக்கு, சாயங்காலம் 6 மணிக்கு மேல நான் வீட்லதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்