ஓடாத நாளில் என்ன ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள்கூட ஓட்டத்தைத் தவறவிடாத ஒருவரைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ‘காய்ச்சலானாலும்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என் மகளும் தவறவிட்டதில்லை. 26 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு அதில் பெருமைதான். உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். ஒரு நாள் இரவு பதினொன்றே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கைப் போடாமல் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பத்தாயிரம் அடிக்கு இன்னும் 640 பாக்கி என்று கைபேசியைக் காட்டினாள். “போதும், படும்மா” என்றதற்குத் தேம்பித் தேம்பி அழுதாள். அடுத்த மாதமே கணுக்காலுக்கு மேல் எலும்பில் மயிரிழை விரிசல். ஐந்து மாதமாக மாதவிலக்கு நின்றிருந்ததும் அப்போதுதான் அவள் அம்மாவுக்கே தெரிந்தது.

அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் விதித்த கணக்கல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ (பத்தாயிரம் அடி அளவி என்று பொருள்) என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதற்காக என் பிள்ளை நள்ளிரவில் நடந்திருக்கிறாள்.

எலும்பு கூடிவிட்டது. மனத்தில் இருந்ததை மனநல மருத்துவர்தான் எடுத்துச் சொன்னார். எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம், தன் உடம்பின்மேல் தீராத வெறுப்பு, ஓடினால் மட்டுமே அடங்கும் பதற்றம். ஓடாவிட்டால் அந்தப் பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அதற்குப் பயந்தே மறுநாளும் ஓடுவாள். ஓடாத நாளில் சோற்றைத் தொட மாட்டாள். உடற்பயிற்சிக்கு அடிமையாகும் இந்த நிலை, உண்ணும் பழக்கத்தில் வரும் மனநலக் கோளாறுகளோடு அடிக்கடி சேர்ந்தே வருமாம். ஓடிவிட்டு வரும்போது அவள் முகத்தில் நிம்மதியைப் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சியைப் பார்த்ததாக நினைவில்லை.

இது புதிதும் அல்ல. 1970இலேயே அமெரிக்காவில் பேக்லண்ட் என்ற ஆய்வாளர், ஒரு மாதம் உடற்பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பார்க்க ஆள் தேடினார். பணம் தருவதாகச் சொல்லியும் அன்றாடம் பயிற்சி செய்பவர்கள் சம்மதிக்கவில்லை. வாரத்தில் சில நாள் மட்டும் செய்பவர்களை வைத்தே ஆய்வை நடத்த வேண்டியிருந்தது.

உடற்பயிற்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை; என் வாழ்க்கையே அதுதான். பெரும்பாலோர் நடக்கவே சோம்பும் ஊரில் உங்கள் கட்டுரைகள் தேவை. ஆனால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் நாம், ஓடாத நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்பதில்லை. அடிபட்ட காலோடு மைதானத்துக்கு வந்த மாணவர்களை நானே மற்றவர்கள் முன் நிறுத்திக் கைதட்டச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் யார் யார் என் மகளைப் போல இருந்தார்களோ என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

அடுத்த இணைப்பில் இதைப் பற்றி ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். இலவச மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416ஐயும் அதில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருச்சி