வருகையின் தேதி பற்றிய செய்திகள்: ஒரு வேண்டுகோள்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தராகிய இயேசு திரும்பவும் வரும் வருகை எந்தத் தேதியில் என்று சொல்லும் செய்தி இந்த வாரம் நம் குழுவில் மூன்று முறை வந்துவிட்டது. தயவுசெய்து இனி அதை ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24:36).

அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைந்ததை அறுக்காமலே காத்திருந்தார்கள். அன்று ஆண்டவர் வரவில்லை. விடியும்வரை அழுததாக அவர்களில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பாவம், அவர்களுடைய ஏக்கம் பொய்யில்லை.

ஆதிக் கிறிஸ்தவர்களின் தெசலோனிக்கேயா சபையிலும் அந்த நாள் வந்தேவிட்டதென்று கலங்கினார்கள். வேலை செய்யாமல் திரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அமைதியாக உழைத்து உங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்றுதான் அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு எழுதினார். காத்திருப்பது என்றால் அடுப்படியிலும் ஆபீஸிலும் உண்மையாக இருப்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

என் அண்ணனோடு ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தேன். "இன்று ராத்திரியே அவர் வந்தால்?" என்று ஒரு நாள் ஜெபத்தில் தோன்றியது. எழுந்துபோய் போன் செய்தேன். அண்ணன் முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?"

ஞாயிறு மாலை 6 மணி வேதபாடத்தில் 2 தெசலோனிக்கேயர் 3-ஆம் அதிகாரம் பார்ப்போம். ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். யாருக்காவது பாக்கி இருந்தால், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், முடிந்தவரை அதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள்.

மாரநாதா (ஆண்டவரே, வாரும்).