பென் நெவிஸ் ஏறப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இந்த விடுமுறைக்கும் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதிக்கே போவதாக நீ அனுப்பிய நான்கு வரிச் செய்தியும், அதனுடன் ஏப்ரலில் எடுத்த ஒரு புகைப்படமும் கிடைத்தன. நான்கு வரியிலும் ‘போகிறேன்’, ‘ஏறுகிறேன்’ என்றுதான் இருந்தது. சென்ற ஆண்டு இதே சமயத்தில் நீ எழுதிய மூன்று பக்கக் கடிதத்தை அம்மா இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாள். அதில் ‘போனோம்’, ‘பார்த்தோம்’ என்றுதான் வரிகள் முடியும். அவசரத்தில் தட்டச்சு செய்திருப்பான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும் மேகத்தின்மேல் உன் நிழல் நீண்டு விழுந்திருக்கிறது. நிழலின் தலையைச் சுற்றி உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாக வண்ண வளையங்கள். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் உச்சியில் அந்நாளில் இருந்த வானிலை ஆய்வுக்கூடத்தில் தங்கிப் பணிபுரிந்தபோது கண்டது இதைத்தான். கண்டதை ஆய்வறைக்குள் உண்டாக்கிப் பார்க்க வேண்டுமென்று அவர் தொடங்கிய முயற்சியிலிருந்துதான், அணுத்துகள்கள் செல்லும் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேக அறை பிறந்தது. அதற்காக 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் அந்த மேக அறையைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, அதற்கு வித்திட்ட காட்சியை என் மகன் நேரில் கண்டான் என்பதில் எவ்வளவு பெருமை என்று எழுதிக் காட்ட முடியவில்லை. இரண்டு பேர் அருகருகே நின்றால் நிழல்கள் இரண்டு விழும். வளையம் மட்டும் அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் தெரியும். உருப்பெருக்கியை வைத்து மூன்று முறை பார்த்தேன். ஒரு நிழல்தான் இருந்தது. கூட வந்தவர் சற்றுத் தள்ளி நின்றிருக்கலாம்.

இப்போது பென் நெவிஸ். 1,345 மீட்டர் என்பது பெரிய உயரமில்லை என்று நீ நினைப்பாய். ஆனால் க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கில் நீ நடையைத் தொடங்கும் இடம் ஏறக்குறைய கடல்மட்டத்தில் இருக்கிறது. ஆகவே உயரம் முழுவதையும் உன் கால்களே ஏறியாக வேண்டும். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி எட்டுக் கிலோமீட்டர் பாதையும் 1,300 மீட்டருக்கு மேலான ஏற்றமும் சேர்ந்து, ஓய்வே இல்லாமல் ஏறினாலும் நான்கு மணி நேரத்தைத் தொட்டுவிடும். ஓய்வும் இறக்கமும் சேர்த்தால் எட்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள். வழுக்கும் கற்களில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும். மே மாத முடிவிலும் உச்சியில் பனி கிடக்கும்; அந்த உச்சி பெரும்பாலான நாள்களில் மேகத்துக்குள்தான் இருக்கிறது. மேகம் மூடிவிட்டால் வடக்கே செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஐந்துவிரல் ஓடை என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் கொடும்பள்ளம். இரண்டுக்கும் நடுவே திசைகாட்டியைப் பார்த்து, அடிகளை எண்ணி எண்ணித்தான் இறங்க வேண்டும். ஒருவர் திசை பார்க்க மற்றவர் அடி எண்ணுவது எளிது. அதனால்தான் சொல்கிறேன், தனியாகப் போகாதே.

அந்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடப்பவர் எவரும் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் தடையின்றிப் போகலாம் என்று சென்ற ஆண்டு நீதான் பெருமையாக எழுதினாய். நல்ல சட்டம்தான். மேகத்துக்குச் சட்டம் தெரியாது, தம்பி.

ஒரு வாரமும் உச்சிகளுக்கே போக வேண்டுமா என்றும் யோசித்துப் பார். அதே க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கின் உயரமான மறுகோடியில், குறுகிய மலையிடுக்கின் வழியே நடந்தால் திடீரென்று ஒரு புல்வெளி விரியும். அதன் எதிரே ஸ்டீல் அருவி விழுகிறது. மூன்று கம்பிகளால் ஆன பாலத்தின்மேல் ஏறாமல் இக்கரையில் அமர்ந்து பார்த்தாலே போதும். ஃபோர்ட் வில்லியம் ஊருக்கு அருகில் பானவி என்ற இடத்தில், 1822இல் திறக்கப்பட்ட கலிடோனியன் கால்வாயின் எட்டு மதகுகள் படிக்கட்டைப் போல அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன; படகுகள் ஒவ்வொரு படியாக ஏறுவதைக் கரையோரம் நடந்துகொண்டே பார்க்கலாம். க்ளென்ஃபினனில் 21 வளைவுகள் கொண்ட ரயில் பாலம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, கெயின்கார்ம்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் போனால் கார்ட்டன் ஏரிக்கு ஒரு நாளை ஒதுக்கு. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த விராலடிப்பான் பருந்துகள் 1950களில் திரும்பி வந்து கூடு கட்டியது அங்கேதான். ஆணும் பெண்ணும் குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் தனித்தனியே கழித்துவிட்டு, வசந்தத்தில் தனித்தனியே பறந்துவந்து பழைய கூட்டிலேயே மீண்டும் சேர்கின்றன. இந்தச் சமயத்தில் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். சென்ற ஆண்டு அங்கே போக நேரம் வாய்க்கவில்லை என்று நீங்கள் இருவரும் வருத்தப்பட்டீர்களே.

காற்று நின்ற மாலைகளில் மிட்ஜ் என்னும் கடிப்பூச்சி மொய்க்கும், முகவலை எடுத்துக்கொள். புதர்ச்செடிகளுக்குள் நடந்த அன்று இரவு கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார். ஒற்றைத்தடச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி வழிவிடு. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தனியாகப் போகாதே என்பதும் உனக்குத் தெரிந்ததுதான்.

தெரிந்ததையே ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறேன் என்று உனக்குச் சலிப்பாக இருக்கும். நாம் மூவரும் போன அந்த மலையை நினைத்துக்கொள். அம்மா கால்வலி தாங்காமல் வளைவில் உட்கார்ந்துவிட்டாள் என்பதுதான் நம் வீட்டில் இத்தனை நாளும் சொல்லப்பட்ட கதை. அது நான் கட்டிய கதை. கொஞ்சம் மெதுவாக நடங்கள் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நீங்கள் இங்கேயே இருங்கள், நாற்பது நிமிடத்தில் உச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உங்களை விட்டுவிட்டுப் போனேன். மேகம் இறங்கியது, பாதை தவறினேன். திரும்பி வரும்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் முந்தானையை நான்காக மடித்து உன் தலைமேல் போட்டு, அதன் நுனியைப் பல்லில் கடித்துப் பிடித்தபடி, மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மரத்தடிக்குப் போகத் தெரியாதா என்று திட்டினேன்.

அதன்பின் அவள் என்னுடன் எந்த மலைக்கும் வரவில்லை. அவளுக்குக் கால் சரியில்லை என்று உறவினர்களிடம் சொல்லிவந்தேன். அவள் கால்களுக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை.

உன் படம் வந்த இரவு இதை முதன்முறையாக அவளிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் மேகத்துக்குள் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான்தான் பதில் குரல் கொடுக்கவில்லை” என்றாள். பிறகு எழுந்துபோய் உன் பழைய கடிதத்தை எடுத்துவந்து படித்தாள்.

விசில் மறக்காதே. ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடியும் ஊத வேண்டும். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் கொடுப்பார். நீ கேட்பவனாக இருந்தால் பதில் கொடுக்கத் தாமதிக்காதே. தொலைபேசியில் சிக்னல் கிடைத்தால் 999ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. யாரும் உடன் வர இயலாவிட்டால், வழிகாட்டி ஒருவரையாவது அமர்த்திக்கொள். பணம் நான் அனுப்புகிறேன்.

அங்கே வெளிச்சம் மறையாத மாலை எட்டு மணி, இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஏறும் நாளில் நாங்கள் விழித்திருப்போம். கீழே வந்ததும் ‘இறங்கிவிட்டேன்’ என்றோ ‘இறங்கிவிட்டோம்’ என்றோ ஒரு சொல் அனுப்பு. இரண்டில் எது வந்தாலும் அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா